நாபி: ஒரு பெயரும் இரு நஞ்சும்

கடற்றுறையில் வந்து இறங்குவன சரக்குகள் மட்டும் அல்ல. அவற்றோடு பெயர்களும் வந்து இறங்குகின்றன. சரக்கு செலவாகிவிடும், பெயரோ ஊரில் தங்கிவிடும். தங்கிய பெயர் சில வேளைகளில் தனக்கு உரியதல்லாத வேறொரு பொருளின்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். அவ்வாறு இடம் மாறிய பெயர் ஒரு பூவின் பெயராயின் பெருந்தீங்கு இல்லை. ஒரு நஞ்சின் பெயராயின் அது உயிரைக் கேட்கும். ‘நாபி’ என்னும் சொல் அத்தகையது. அதன் வரலாற்றை இவ்வாண்டு மலரில் ஆராய முற்படுகின்றோம். விழிஞ்ஞத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பது போகப் போக விளங்கும்.

மலையும் கடலும்

நாம் வாழும் இவ்வூர் பழம்பெரும் துறை. கலிங்கத்துப்பரணி இதனை விழிஞம் என்று குறிப்பிடுகிறது. பொதியிலை ஆண்ட ஆய் குலத்தார் இப்பகுதியைத் தம் ஆட்சியிற் கொண்டிருந்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி, ‘ஆயோய்’ எனக் குறித்தது இந்நாட்டையே என்பர். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞக் கோட்டையை வென்றதைப் பாண்டியர் செப்பேடு கூறும். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசன் இதனைக் கைப்பற்றினான். அக்காலப் பெருமைக்குச் சான்றாக இங்குள்ள சிறு குடைவரைக் கோயில் இன்றும் நிற்கின்றது. கேரளப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் மேற்காசியப் பாண்டத் துண்டுகள் கிடைத்துள்ளன. 2024 சூலையில் முதற் பெருங்கப்பல் வந்து சேர்ந்ததும், 2025 மே 2ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதும் நம் கண்முன் நிகழ்ந்தவை.

ஆய் நாட்டின் ஒரு முனை இக்கடல் என்றால், மறு முனை பொதியில் மலை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்தை அகத்திய முனிவரோடும் சித்த மருத்துவ மரபோடும் இணைத்துப் பேசுவது தொன்றுதொட்ட வழக்கு. நம் மருந்துச் சரக்குகளில் ஒரு பாதி இத்தகைய மலைகளிலிருந்து இறங்கியது. மறு பாதி வடநாட்டிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வணிகர் வழியே வந்தது. மலையில் விளைந்ததைக் கொடியோடும் பூவோடும் கண்டு பெயரிட்டனர். வணிகர் கொண்டுவந்ததை உலர்ந்த கிழங்காகவும் வேராகவும் மட்டுமே கண்டனர். செடியைக் காணாமல் சரக்கை மட்டும் கண்ட இடத்தில்தான் பெயர்க் குழப்பம் புகுகின்றது. நாபி என்னும் பெயருக்கு நேர்ந்ததும் இதுவே.

இமயத்து நீலப்பூ

நாபி என்று சித்த நூல்களும், வச்சநாபி என்று நாட்டு மருந்துக் கடைக்காரரும், வத்சநாபி என்று மலையாள வைத்தியரும் வழங்கும் கிழங்கு இமயமலைக்கு உரியது. நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங், பூட்டான் ஆகிய பகுதிகளில் மரங்கள் குறைந்து புல்வெளி தொடங்கும் உயரங்களில் அச்செடி வளர்கின்றது. மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய சந்தக்ஃபூ 3,636 மீட்டர் உயரமுடையது. அப்பெயருக்கே ‘நச்சுச்செடியின் உச்சி’ என்பது பொருளாம். அங்கு இவ்வினச் செடிகள் மிகுந்திருப்பதே காரணம் என்பர்.

இதன் பூ அழகானது, கருநீல நிறமுடையது. பூவின் ஐந்து வண்ண இதழ்களுள் மேலிதழ் முக்காடு போல வளைந்து ஏனைய உறுப்புகளை மூடி நிற்கும். மேனாட்டார் இதனைத் துறவியின் தலைமூடி என்று அழைத்தமைக்கு அதுவே காரணம். மண்ணுக்கு மேலுள்ள தண்டும் இலையும் பனிக்காலத்தில் மடிந்துபோகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு உயிரோடு கிடந்து மறுபருவத்தில் மீண்டும் துளிர்க்கும். தாய்க்கிழங்கின் பக்கத்தில் சேய்க்கிழங்கு தோன்றும். தாய் அழிந்தபின் சேய் செடியாகும். வத்சநாபம் என்னும் வடசொல்லுக்குக் கன்றின் கொப்பூழ் என்பது பொருள். கிழங்கின் வடிவு நோக்கி இட்ட பெயர் அது.

செடிநூலார் இதனை ‘அக்கோனிட்டம் ஃபெராக்ஸ்’ என்பர். ‘ஃபெராக்ஸ்’ என்றால் கொடியது. அக்கோனிட்டம் என்னும் இனத்தில் ஏறக்குறைய 300 வகைகள் உண்டு. இவ்வினம் அடங்கும் பெருங்குடும்பம் ரனன்குலேசியே. மேனாட்டாரின் பட்டர்கப் என்னும் மஞ்சட்பூச் செடியைத் தலையாகக் கொண்டது. இலத்தீனில் ரனன்குலஸ் என்பது சிறு தவளையைக் குறிக்கும். நீர் தேங்கும் இடங்களில் இக்குடும்பத்துச் செடிகள் பல வளர்வதால் அப்பெயர் வந்தது. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளிலும் இக்குடும்பத்துச் செடிகளைக் காணலாம். நம் அடுக்களையிலும் இக்குடும்பத்தார் ஒருவர் இருக்கின்றார் என்றால் தாய்மார்கள் வியப்பர். கருஞ்சீரகமே அவர். ஒரே குடும்பத்தில் பிறந்தும் ஒன்று உணவுக்கு மணம் தருகிறது. மற்றொன்று உயிரைக் கொள்ளுகிறது. குடும்பப் பெயரைக் கொண்டு குணத்தை முடிவு செய்தலாகாது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

நஞ்சின் புகழ்

இந்நஞ்சை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதை கிழங்கு நஞ்சுகள் 13 என வகுத்து, அவற்றுள் வத்சநாபத்தையும் சேர்த்துள்ளது. சிக்கிமின் லெப்சா மக்கள் அம்பு முனையில் இதனைத் தடவி வேட்டையாடினர். வடசப்பானின் ஐனு மக்கள் இவ்வினத்தின் வேறொரு வகையைக் கொண்டு கரடிகளை வீழ்த்தினர். ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள் கூட்டத்தார் ஒரே இனத்துச் செடியிடம் ஒரே குணத்தைக் கண்டறிந்தமை எண்ணத்தக்கது.

போர்க்களத்திலும் இதன் பெயர் பேசப்பட்டது. கொங்கு நாட்டிலும் மலபாரிலும் 1800-1801 ஆண்டுகளிற் சுற்றிப் பயணநூல் எழுதிய பிரான்சிஸ் புக்கானன், பின்னர் ஹாமில்டன் என்னும் பெயரையும் ஏற்று, 1819இல் நேபாளத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். படையெடுத்து வருவோரின் வழியிலுள்ள நீர்நிலைகளில் இந்நஞ்சைக் கலந்துவிடலாம் என்னும் நம்பிக்கையைக் கூர்க்கர் தம் நாட்டுக் காவலாகக் கருதினர் என அதில் எழுதியுள்ளார். 1814 முதல் 1816 வரை ஆங்கிலேயருக்கும் நேபாளத்திற்கும் போர் நடந்து முடிந்திருந்த காலம் அது.

1833இல் செருமானிய அறிஞர் கைகர் இவ்வினத்துச் செடியிலிருந்து நஞ்சின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். அக்கோனிட்டின் என்பது அதன் பெயர். நரம்பிலும் இதயத் தசையிலும் உள்ள சோடிய வாயில்களை அது மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகின்றது. முதலில் உதடும் நாவும் மரத்து, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றும்; பின்னர்க் கைகால்கள் தளரும்; இறுதியில் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். இவையெல்லாம் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்திற்குள் தொடங்கிவிடும். இதற்கென்று தனி மாற்று மருந்து இன்றளவும் இல்லை. இதயத்தைத் தாங்கிப் பிடித்து உயிரைக் காப்பதே மருத்துவர் செய்யக்கூடியது.

இத்துணைக் கொடிய பொருளை நம் வைத்தியர் மருந்தாக்கியது எங்ஙனம்? சுத்தி என்னும் முறையால் ஆக்கினர். பசுவின் நீரில் ஊறவைத்தலும் பாலில் வேகவைத்தலும் நூல்களிற் சொல்லப்படும் முறைகள். நெடுநேரம் வெந்தால் அக்கோனிட்டின் சிதைந்து, கடுமை குறைந்த வேறு பொருள்களாக மாறுகின்றது என்பதை இக்கால வேதியியலும் ஒப்புக்கொள்ளுகிறது. ஆயினும் வேகவைப்பதிற் குறை நேர்ந்தால் நஞ்சு எஞ்சி நிற்கும். இது தேர்ந்த வைத்தியர் மருந்துச்சாலையில் செய்யவேண்டிய பணி. அடுக்களையிற் செய்து பார்க்கத் தக்கதன்று. ‘வேகவைத்தால் நாபியின் வேகம் தணியும்’ என்னும் இக்கருத்தை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஆபத்து பிறக்கும் இடம் அதுவே.

நம் வேலியில் பூக்கும் காந்தள்

இனி, நம் நாட்டுக்கே உரிய மற்றொரு பூவைக் காண்போம். செங்காந்தளை அறியாத தமிழர் இல்லை. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களின் வரிசையில் முதலிடம் பெற்றது அதுவே. திருமுருகாற்றுப்படை முருகனுக்குக் காந்தட் கண்ணி சூட்டிப் பார்க்கிறது. சங்கப் புலவர் மகளிர் விரலுக்கும் எரியும் சுடருக்கும் இதனை உவமையாக்கினர். இன்று தமிழ்நாட்டின் அரசு மலரும் இதுவே. ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வே நாடும் இதனைத் தன் தேசிய மலராகக் கொண்டுள்ளது. மழைக்காலத்தில் கேரளக் கரையோரத்து வேலிகளிலும் இது பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்கும். இலைநுனி சுருண்டு அருகிலுள்ளதைப் பற்றிக்கொண்டு ஏறும்.

இதற்குப் பெயர்கள் பல. கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. அதே காரணத்தால் வடமொழியில் இலாங்கலி. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ. கண்ணுக்கு நோவு தரும் என்னும் எண்ணத்தால் கண்வலிப் பூ. தோன்றி, வெண்தோன்றி என்பனவும் உண்டு. மலையாளிகள் மேந்தோன்னி என்பர். அது நம் தோன்றியின் உடன்பிறப்பு என்பது சொல்லைக் கேட்ட அளவிலேயே விளங்கும். டச்சுக்காரரின் மலபார்த் தலைவர் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய இந்நாட்டு வைத்தியர் துணையோடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் ‘மெந்தோனி’ என்னும் பெயரோடு இக்கொடியின் படம் அச்சேறியுள்ளது. லின்னேயஸ் 1753இல் இதற்குக் ‘குளோரியோசா சுபெர்பா’ என்று பெயர் சூட்டினார். புகழும் எழிலும் உடையது என்பது அதன் பொருள்.

இதன் குடும்பம் ரனன்குலேசியே அன்று; கோல்ச்சிக்கேசியே என்பது. இதன் நஞ்சும் வேறு. 1820இல் பிரெஞ்சு அறிஞர் பெல்லெத்தியேயும் கவந்தூவும் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த கோல்ச்சிசின் என்னும் சாரமே நம் காந்தட் கிழங்கிலும் விதையிலும் உள்ளது என்பதை 1915இல் ஆங்கில வேதியியலார் மெய்ப்பித்தனர். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வாதத்திற்கு இச்சாரம் சிறந்த மருந்து. ஆதலின் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பகுதி உழவர் காந்தளைத் தோட்டப் பயிராகவே வளர்க்கின்றனர். விதை மேனாடுகளுக்குச் செல்லுகிறது. கபிலர் பாடிய பூ கப்பலேறும் சரக்காகியிருக்கிறது.

பெயர் இடம் மாறிய வரலாறு

இத்துணைப் பெயர்கள் பெற்ற காந்தளுக்கு இன்னும் ஒரு பெயர் உண்டு. அது நாபிக்கிழங்கு என்பது. நாபிக்கொடி என்றும் வழங்குவர். குழப்பத்தின் வேர் இங்கே உள்ளது.

இமயத்து வச்சநாபி தென்னாட்டில் விளையாது. உலர்ந்த கருங்கிழங்காக மட்டுமே இங்கு வந்தது. தொலைவிலிருந்து வரும் சரக்கு விலையேறியது. வேண்டும்போது கிடைப்பதும் அரிது. நஞ்சுடைய கிழங்கு ஒன்று நம் வேலியிலேயே இருந்தது. வந்த சரக்கின் புகழ்பெற்ற பெயரை உள்ளூர்ச் சரக்குக்கும் சூட்டுவது வணிகத்தில் புதிதன்று. சீமை என்னும் அடைமொழி கொடுத்து வெளிநாட்டுப் பொருளை அழைப்பதும், நாட்டு என்னும் அடைமொழி கொடுத்து உள்ளூர்ப் பொருளை அழைப்பதும் நாம் அறிந்த வழக்கே. 19ஆம் நூற்றாண்டு மருந்து நூல்கள் காந்தளுக்குத் தக்காண முசுலிம்களின் மொழியில் ‘நாட்-கா-பச்நாக்’ என்னும் பெயர் வழங்கியதைக் குறிக்கின்றன. பச்நாக் என்பது வத்சநாபத்தின் வடநாட்டுத் திரிபு. ‘நாட்டு வச்சநாபி’ என்பதே இதன் பொருள். தமிழின் நாட்டு என்னும் சொல்லும் வடக்கின் பச்நாக் என்னும் சொல்லும் ஒன்று சேர்ந்து, நம் காந்தளின் தலையில் இமயத்து நஞ்சின் பெயரைச் சூட்டியிருக்கின்றன. நாளடைவில் அடைமொழி நழுவியது. ‘நாபி’ மட்டும் நின்றது.

இதனைத் தெளிவாக்க முயன்ற அறிஞர் ஒருவரை ஈண்டு நன்றியோடு நினைத்தல் வேண்டும். சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய மொய்தீன் ஷெரீப் என்னும் மருத்துவர், 1869இல் இந்திய மருந்து நூலுக்கு ஒரு துணைநூல் வெளியிட்டார். ஒவ்வொரு சரக்குக்கும் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைத் திரட்டி, எந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு உரியது என்று நிறுவுவதே அதன் நோக்கம். கடைவீதியில் நிலவிய பெயர்க் குழப்பத்தால் நோயாளிகள் கெடுவதை அவர் உணர்ந்திருந்தார். காந்தட் கிழங்கைத் தாமே சிறிதளவு உட்கொண்டு பார்த்து, அது மக்கள் அஞ்சும் அளவு கொடியதன்று என்னும் முடிவுக்கும் வந்தார். கோல்ச்சிசின் உள்ளது என்பது மெய்ப்பிக்கப்படாத காலம் அது. பின்வந்த காலத்தின் பல மரணங்கள் அம்முடிவு பொருந்தாது எனக் காட்டிவிட்டன. ஆயினும் பெயரைச் சரிசெய்தலே மருத்துவத்தின் முதற்படி என்று அவர் கொண்ட கொள்கை இன்றும் பொருந்துகிறது.

பழைய வடநூலாரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளவில்லை. வத்சநாபத்தை விடம் என்றும், இலாங்கலியை உபவிடம் என்றும் ரசநூல்கள் வேறுபடுத்தின. நூலிற் பிரிந்திருந்தவற்றை வாய்வழக்குச் சேர்த்துவிட்டது.

பெயர் ஒன்றானால் என்ன கெடும்?

‘இரண்டும் நஞ்சு, இரண்டையும் ஒதுக்கினாற் போதும், பெயரைப் பற்றி ஏன் இத்துணை ஆராய்ச்சி?’ என்று சிலர் வினவக்கூடும். விடை இது.

முதலாவதாக, வச்சநாபியின் நஞ்சு நெடுநேரம் வேகவைத்தாற் குறையும். காந்தளின் நஞ்சு வேகவைப்பதால் அழியாது. ‘நாபியை வேகவைத்தால் கெடுதி இல்லை’ என்று ஒருவர் எங்கோ கேட்டு, அதனைக் காந்தட் கிழங்குக்குப் பொருத்தினால் முடிவு என்னவாகும்? இலங்கையில் காந்தட் கிழங்கை வற்றாளைக் கிழங்கென மயங்கி அவித்து உண்டவர்கள் நஞ்சேறி வருந்தியமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. அவித்தது அவர்களைக் காக்கவில்லை.

இரண்டாவதாக, இரு நஞ்சுகளும் உடலில் வேலை செய்யும் காலம் வேறு. வச்சநாபி உடனே தன்னைக் காட்டிவிடும். காந்தளோ சில மணி நேரம் வாளாவிருந்து, பின்னர்க் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ‘கெட்ட உணவு சேரவில்லை’ என்று வீட்டார் எண்ணிவிடுவர். ஓரிரு நாளில் சற்றுத் தணிந்தது போலவும் தோன்றலாம். ஆனால் கோல்ச்சிசின் உடலின் உயிரணுக்கள் பெருகுவதையே தடுக்கும் இயல்புடையது. ஆதலின் எலும்பு மச்சையும் சிறுநீரகமும் கெடும். பிழைத்தவர்க்கும் இரு வாரம் அளவில் தலைமயிர் முழுதும் உதிர்ந்துவிடுவதுண்டு. இலங்கையில் நேர்ந்த அத்தகைய நிகழ்ச்சி ஒன்று 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. ‘நாபி தின்றார், சில மணி நேரம் ஆயிற்று, நாக்கு மரக்கவில்லை, இனிக் கவலை இல்லை’ என்று கருதி வீட்டிலேயே வைத்திருந்தால், காந்தள் தின்றவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பை இழப்பார்.

மூன்றாவதாக, நோயாளியைக் கொண்டுசெல்லும்போது மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி ‘எதைத் தின்றார்?’ என்பது. இங்குள்ள மலையாள மருத்துவரிடம் தமிழர் ஒருவர் ‘நாபிக்கிழங்கு’ என்றால், அவர் அதனை வத்சநாபி என்று கொள்ளுதல் இயல்பு. இதயத்தைக் கவனிப்பார், குருதியையும் சிறுநீரகத்தையும் பல நாள் கண்காணிக்க வேண்டும் என்னும் எண்ணம் எழாமற் போகலாம். மலையாளத்தில் ஒன்று வத்சநாபி, மற்றொன்று மேந்தோன்னி; அங்கே குழப்பத்திற்கு இடம் குறைவு. குழப்பம் நம் சொல்லில் இருக்கிறது. அதை நாமே தீர்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாம் பெயர்

இங்கு மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் பாட்டிமார் உரைத்துக் கொடுத்த அதிவிடயம் என்னும் சரக்கை யாவரும் அறிவோம். மலையாள வைத்தியத்திலும் இது பெருவழக்கு. இதுவும் அக்கோனிட்டம் இனத்ததே, இமயத்திலிருந்தே வருகிறது. ஆனால் இதில் அக்கோனிட்டின் இல்லை. பெயரில் விடம் இருந்தும் கிழங்கில் அக்கொடிய விடம் இல்லை. நாபிக்கிழங்கு என்னும் பெயரில் கொப்பூழைத் தவிர வேறொன்றும் இல்லை. கிழங்கிலோ உயிர்கொல்லும் நஞ்சு உண்டு. அதிவிடயத்தை மிகுதியாகத் தோண்டியெடுத்தமையால் அது அருகிவரும் செடியாகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. விலையேறிய சரக்கிற் போலி கலப்பது கடைவீதியின் பழைய நோய். குழந்தை மருந்தில் இனம் தெரியாத கிழங்கு சேர்ந்துவிடக் கூடாது. எனவே உரைமருந்துச் சரக்குகளை உரிமம் பெற்ற மருந்துச்சாலையின் பொட்டலமாகவே வாங்குதல் நன்று. தெருவோரக் கூடையிலிருந்து வாங்குதல் தகாது.

சட்டமும் சமுதாயமும்

அரசும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே கண்டுள்ளது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘இ-1’ அட்டவணையில் இந்திய மருத்துவத்தின் நச்சுச் சரக்குகள் அடங்கியுள்ளன. அதன் சித்த மருத்துவப் பிரிவில் நாபியும் கலப்பைக்கிழங்கும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. இவை சேர்ந்த உள்மருந்துகளின் உறையில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டும் என்னும் எச்சரிக்கை அச்சிடப்படுதல் வேண்டும். அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கும் வழக்கத்தை நம் இல்லங்களிற் புகுத்தினாலே பாதித் தீங்கு நீங்கும்.

நஞ்சு ஊர் விட்டு ஊர் செல்லும் என்பதற்கும் அண்மைக்காலச் சான்று உண்டு. 2009 சனவரியில் லண்டன் மாநகரின் மேற்குப் புறத்தில், இந்தியாவிலிருந்து சென்று குடியேறியோர் வீடு ஒன்றில், குழம்பில் இமயத்து நாபி கலக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இமயத்தில் விளைந்தது கடல் கடந்து சென்று ஒரு குடியேற்றக் குடும்பத்தின் சோற்றில் விழுந்தது.

நம் அருகிலேயே வேறொரு பாடமும் கிடைத்தது. கேரளத்தில் இளம்பெண் ஒருவர் அரளியிலையை வாயிலிட்டு மென்றதால் இறந்தார் என்னும் செய்தி எழுந்தபின், 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்கலாகாது என்று முடிவு செய்தது. நெடுங்காலமாக இறைவனுக்குச் சூட்டிய பூவையும், நஞ்சென்று தெளிந்தபின் உண்ணும் பொருளிலிருந்து விலக்கினர். பூவை அவமதித்ததாக எவரும் கருதவில்லை. காந்தளையும் நாம் அவ்வாறே கொள்ளலாம். கண்ணால் காண்போம்; பாட்டிற் பாடுவோம்; வாயில் இடோம்.

நம் காலனிக்கு ஒரு வேண்டுகோள்

புலம்பெயர்ந்த குடும்பத்தில் முதலில் தேய்வது செடிகொடிகளின் பெயர். ஊரில் இருந்தபோது அப்பத்தாவும் பெரியம்மையும் வேலியோரம் அழைத்துச் சென்று, ‘இது கண்வலிப் பூ, தொடாதே, தொட்டால் கை கழுவு’ என்று சொல்லுவர். நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இங்கு வந்த நம் பிள்ளைகளுக்கு அவ்வாறு சொல்லுவார் அருகில் இல்லை. கைப்பேசியில் ஒரு பெயரைத் தட்டினால் பத்துச் செடிகளின் படம் வருகின்றது. எது எது என்று விளக்க ஆள் இல்லை. பள்ளியில் மலையாளப் பெயர் கற்கின்றனர். வீட்டில் தமிழ்ப் பெயர் பாதி கேட்கின்றனர். இரண்டிற்கும் இடையில்தான் நாபி போன்ற சொற்கள் தவறி விழுகின்றன.

ஆகவே மூன்று செயல்களை நம் குடும்பங்கள் மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். காந்தளை நாபி என்று அழைப்பதை இன்றோடு விடுவோம். காந்தள், கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப் பூ எனத் தமிழில் அழகிய பெயர்கள் இருக்கக் கடன் வாங்கிய பெயர் நமக்கு வேண்டா. மழைக்காலத்தில் கொடி பூத்திருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துச் சென்று, தமிழ்ப் பெயரையும் மேந்தோன்னி என்னும் மலையாளப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம்; பூவில்லாத காலத்தில் கிழங்கை மட்டும் பார்த்து இனம் காணுதல் அரிது. எவரேனும் தெரியாமல் உண்டுவிட்டால், குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோம்; எஞ்சிய கிழங்கையோ கொடியையோ கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவோம். பெயர் மயக்கினாலும் பொருள் மயக்காது.

தமிழ்ச் சங்கம் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஆடலும் பாடலும் விருந்தும் சங்கத்தின் அணிகள். சொல்லைச் சொல்லாகவும் பொருளைப் பொருளாகவும் பிழையின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே அதன் உயிர்ப்பணி. மொழியைக் காத்தல் என்பது மேடைப் பேச்சு மட்டும் அன்று. சில வேளைகளில் அது ஒரு குழந்தையின் உயிரைக் காத்தலும் ஆகும். ஆய் வேளிர் காலந்தொட்டுப் பல நாட்டுச் சரக்குகளையும் சொற்களையும் வரவேற்ற இத்துறையில் வாழும் நாம், வந்த சொற்களை எடைபோட்டு, உரியதை உரிய பொருளோடு சேர்த்து வழங்குவோமாக. காந்தள் வேலியில் பூக்கட்டும். நாபி மருந்துச்சாலையில் பூட்டிய பேழையில் இருக்கட்டும். நம் குழந்தைகள் நலமாக வாழட்டும்.